ரத்தப் புற்றுநோய்: ரிப்போர்ட் சுத்தமாக வந்ததும் சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள்

வீட்டில் ஒரு குழந்தைக்கு லுக்கீமியா என்று தெரிந்து, முதல் மாத கீமோவும் முடிந்து, "எலும்பு மஜ்ஜையில் இப்போ கேன்சர் செல் தெரியலை" என்று டாக்டர் சொன்ன சந்தோஷத்தில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சிகிச்சையின் பெரும்பகுதி அதற்குப் பிறகுதான் இருக்கிறது. அந்த இரண்டு ஆண்டுகளுக்கு மேலான காலத்தில் குழந்தை பெரும்பாலும் நம் வீட்டில்தான் இருக்கும், பக்கத்தில் நர்ஸ் இருக்க மாட்டார், மாத்திரை கொடுப்பது, காய்ச்சல் வந்தால் கண்டுபிடிப்பது, ராத்திரியில் வண்டி பிடிப்பது எல்லாம் நாம்தான்.

என் தங்கை மகளுக்கு ஐந்து வயதில் ஏ.எல்.எல். என்ற வகை லுக்கீமியா வந்தது. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் அதிகம். எங்களுக்குப் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம், சிகிச்சை சென்னையில். மாப்பிள்ளைக்கு வெளியூரில் வேலை என்பதால், தாய்மாமன் என்ற முறையில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்ததும் ரத்தத்துக்கு ஆள் தேடியதும் நான்தான். இப்போது அவள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். நான் டாக்டர் இல்லை, மருந்தின் அளவையும் வகையையும் உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் டாக்டர் சொல்வதைப் புரிந்துகொள்ளவும், வீட்டில் எதைக் கவனிப்பது என்று தெரியவும் இது உதவும் என்று நம்புகிறேன்.

ஆரம்பத்தில் விட்டு விட்டுக் காய்ச்சல், அப்புறம் ராத்திரியில் கால் வலி என்று அழுவாள், முகம் வெளுத்துக்கொண்டே போனது, முழங்காலுக்குக் கீழே அடிபடாமலே நீல நீலமாகத் தழும்பு. பக்கத்து டவுனில் டைபாய்டு என்று ஒரு சுற்று மருந்து, சத்துக் குறைவு என்று ஒரு டானிக், மூட்டு வலிக்கு இன்னொருவர். கடைசியில் முழு ரத்தப் பரிசோதனை எடுத்தபோது ஹீமோகுளோபின் 5.6, ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணு 18,000, இரண்டுமே ரொம்பக் குறைவு. லேபில் இருந்தவரே, "சார், இதை ஸ்மியர் போட்டுப் பாத்தே ஆகணும், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். ஸ்மியர் என்பது ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. காய்ச்சல், வெளுப்பு, காரணமில்லாத நீலத் தழும்பு, எலும்பு வலி, கழுத்தில் நெறி, இதில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். இன்னொன்று, காரணம் தெரியாத மூட்டு வலிக்கு ஸ்டீராய்டு கொடுப்பதாகச் சொன்னால், அதற்கு முன்னால் ஸ்மியர் பார்த்தாகிவிட்டதா என்று கேளுங்கள். லுக்கீமியாவுக்கே ஸ்டீராய்டுதான் முதல் மருந்துகளில் ஒன்று. அதனால் அரைகுறையாகக் கொடுத்தால் நோய் கொஞ்ச நாள் பதுங்கிக்கொண்டு பரிசோதனையிலேயே தெரியாமல் போகலாம்.

எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட் மூன்றையும் தயாரிக்கிற இடம். அங்கே முதிராத வெள்ளையணு ஒன்று கட்டுப்பாடில்லாமல் பெருக ஆரம்பித்து இடத்தை அடைத்துக்கொள்கிறது. அதைத்தான் ரிப்போர்ட்டில் பிளாஸ்ட் என்று எழுதுவார்கள். நல்ல அணுக்களுக்கு இடமில்லாததால்தான் வெளுப்பு, ரத்தக்கசிவு, ஓயாத காய்ச்சல் எல்லாம். "வெள்ளையணு ஜாஸ்தியாகிவிட்டது, அதைக் குறைத்தால் சரி" என்று உறவினர்கள் சொல்வார்கள். சில பேருக்கு எண்ணிக்கை குறைந்தும் இருக்கும், எண்ணிக்கையை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது. இடுப்பு எலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுப்பதும், அதில் ஃப்ளோ சைட்டோமெட்ரி, குரோமோசோம் பரிசோதனைகள் செய்வதும் எந்த வகை, எவ்வளவு தீவிரம் என்று தெரிந்துகொள்ளத்தான். பணம் அதிகம் என்று இந்தப் பரிசோதனைகளைத் தவிர்க்க வேண்டாம், முழு சிகிச்சையும் அதன் மேல்தான் நிற்கிறது.

வகைக்கு வகை சிகிச்சை எவ்வளவு மாறும் என்பதை வார்டில்தான் பார்த்தேன். ஓ.பி. வரிசையில் ஒரு பஸ் கண்டக்டர் பக்கத்தில் உட்காருவார், அவருக்கு சி.எம்.எல். என்ற வகை. தினம் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போய் வருகிறார். இமாட்டினிப் என்ற அந்த மருந்து அமெரிக்காவில் 2001-ல் அனுமதி பெற்றது. இந்தியாவில் அதற்கான காப்புரிமை விண்ணப்பத்தை 2006-ல் சென்னை காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது, 2013-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மாதம் லட்ச ரூபாய்க்கு மேல் ஆகியிருக்க வேண்டிய மருந்து ஆயிரக் கணக்கில் கிடைப்பதற்கு அதுதான் காரணம். ஏ.பி.எல். என்று இன்னொரு வகை உண்டு. ஈறிலும் மூக்கிலும் ரத்தம் கொட்டிக்கொண்டு வருவார்கள், முதல் சில நாட்கள் உயிருக்கே ஆபத்து, ஆனால் அதைத் தாண்டிவிட்டால் வைட்டமின் ஏ-யிலிருந்து வந்த ஒரு மாத்திரையும் ஆர்செனிக் ஊசியும் சேர்ந்து பெரும்பாலானவர்களைக் குணப்படுத்திவிடுகின்றன. வயதானவர்களுக்கு வரும் சி.எல்.எல். வகையில் பலருக்கு ஆண்டுக் கணக்கில் மருந்தே இல்லாமல் கண்காணிப்பு மட்டும்தான். ஏ.எம்.எல். என்ற வகை என்றால் கடுமையான கீமோ, பலருக்கு வேறொருவரின் மஜ்ஜையை ஏற்றும் மஜ்ஜை மாற்று சிகிச்சையும் தேவைப்படும். அதனால் "எங்க சித்தப்பாவுக்கும் ரத்தக் கேன்சர், அவருக்கு இப்படித்தான் ஆச்சு" என்று யாராவது சொன்னால், நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, அதை உங்கள் குழந்தையோடு பொருத்திப் பார்க்காதீர்கள்.

எங்கள் பாப்பாவுக்கு முதல் மாதம் ஸ்டீராய்டு, வாரம் ஒரு வின்கிறிஸ்டின் ஊசி, அஸ்பராஜினேஸ், முதுகுத்தண்டில் மெத்தோட்ரெக்சேட். ஸ்டீராய்டு ஆரம்பித்ததும் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து தோசை கேட்பாள், கிடைக்காவிட்டால் பாத்திரத்தைத் தூக்கி எறிவாள், கன்னம் உப்பிப்போய் வேறு குழந்தை மாதிரி இருந்தாள். அது மருந்தின் வேலை, பிள்ளையின் குணம் இல்லை, நிறுத்தியதும் போய்விடும். வின்கிறிஸ்டின் போட்டால் தாடை வலிக்கும், மலச்சிக்கல் கடுமையாக வரும், பாதம் தொய்ந்து நடை தடுமாறும். மலச்சிக்கலுக்கு முதல் நாளிலேயே சிரப் கேட்டு வாங்கிவிடுங்கள், எனிமா மட்டும் வேண்டாம். அஸ்பராஜினேஸ் போட்ட நாட்களில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வலி என்று அழுதால் கேஸ் என்று விட்டுவிடக் கூடாது, கணையம் வீங்கியிருக்கலாம்.

மாதக் கடைசியில் மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள், பிளாஸ்ட் இல்லை. வீட்டில் பாயசம் வைத்தோம். அடுத்த கட்ட கீமோவுக்குத் தேதி கொடுத்தபோதுதான் தங்கை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, எல்லாம் போயிடுச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாங்க, இன்னும் எதுக்கு இந்த மருந்து? புள்ள ஒடம்பு தாங்குமா?" என்றாள். நியாயமான கேள்வி, எல்லாத் தாய்களும் கேட்பதுதான். டாக்டர் எங்களுக்குச் சொன்ன கணக்கை அப்படியே சொல்கிறேன். நோய் கண்டுபிடிக்கும்போது உடம்பில் சுமார் லட்சம் கோடி லுக்கீமியா செல்கள் இருக்கும். அதில் 99 சதவீதம் செத்துவிட்டாலும் ஆயிரம் கோடி மிச்சம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அது கண்ணுக்குத் தெரியாது. எங்கள் அப்பாவுக்கு இதைக் கோரைப்புல்லை வைத்துத்தான் புரியவைத்தேன்: மேலே வெட்டிவிட்டால் வயல் சுத்தமாகத்தான் இருக்கும், கிழங்கு உள்ளே கிடக்கும். எம்.ஆர்.டி. என்ற பரிசோதனை பத்தாயிரம் செல்லில் ஒன்று இருந்தாலும் காட்டிக்கொடுக்கும், முதல் மாத முடிவில் அதைக் கட்டாயம் கேளுங்கள். அடுத்த கட்டங்களில் மருந்தைக் கூட்டுவதா, அதே அளவில் போவதா என்பதை டாக்டர்கள் பெரும்பாலும் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். மூளைப் பக்கம் ஒளிந்துகொள்ளும் செல்களுக்கு நரம்பில் ஏற்றும் மருந்து சரியாகப் போய்ச் சேராது, முதுகுத்தண்டு ஊசி திரும்பத் திரும்பப் போடுவது அதனால்தான்.

இது யாரோ யோசித்து வைத்த பயமுறுத்தல் இல்லை, பல குழந்தைகளை இழந்து கற்ற பாடம். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகடா சுப்பாராவின் குழு அமினோப்டெரின் என்ற மருந்தைத் தயாரித்துக் கொடுத்தது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அதை லுக்கீமியா குழந்தைகளுக்குக் கொடுத்து, 1948-ல் முடிவை வெளியிட்டார். அதுவரை சாவைத் தவிர வேறு வழியில்லாத நோயில் குழந்தைகள் எழுந்து விளையாடினார்கள். சில மாதங்களில் நோய் திரும்பி வந்தது. ஒரே மருந்தை, கொஞ்ச காலம் மட்டும் கொடுத்தால் அப்படித்தான் ஆகும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. 1962-லிருந்து அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கல் பல மருந்துகளைச் சேர்த்து, மூளைப் பகுதிக்கும் சிகிச்சை கொடுத்து, ஆண்டுக் கணக்கில் தொடர்ந்து மருந்து கொடுத்துப் பார்த்த பிறகுதான் பாதிப் பேர் நிரந்தரமாகக் குணமாக ஆரம்பித்தார்கள். நம் ஊரிலும் 1980-களில் அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட், மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் ஒரே மாதிரியான சிகிச்சைத் திட்டத்தை எடுத்து நடத்திய பிறகுதான் பிழைக்கும் குழந்தைகள் கூடினார்கள். இன்று வசதியான நாடுகளில் ஏ.எல்.எல். வந்த குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அமினோப்டெரினின் தம்பி மாதிரியான மெத்தோட்ரெக்சேட்தான் இன்றும் வாரா வாரம் நம் குழந்தைகள் சாப்பிடும் மாத்திரை.

கடைசிக் கட்டத்துக்கு மெயின்டனன்ஸ் என்று பெயர். முடி வளர்ந்துவிடும், பிள்ளை ஓடியாடும், பார்த்தால் நோயாளி என்றே தெரியாது. ஆபத்தும் அங்கேதான். தினமும் மெர்காப்டோபியூரின், வாரத்தில் ஒரே ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட். அந்த வார மாத்திரையைத் தெரியாமல் தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து, இதை வீட்டில் மாத்திரை தொடும் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். எங்கள் வீட்டில் தினக் காலண்டர் தாளில் அன்றைய மாத்திரையை முன்கூட்டியே எழுதிவிடுவோம், கொடுத்த பிறகுதான் தாளைக் கிழிப்பது. கிழிக்காமல் இருந்தால் கொடுக்கவில்லை என்று அர்த்தம், அம்மாவுக்குக்கூட அது புரிந்தது. நூறு வேளையில் ஐந்து வேளைக்கு மேல் தவறினாலே நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள், அதனால் கல்யாண வீடு, திருவிழா, ஊர்ப் பயணம் எதற்குப் போனாலும் மாத்திரை கூடவே போக வேண்டும். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரண்டாகக் கொடுக்கவும் கூடாது. சில குழந்தைகளுக்கு என்.யு.டி.டி.15 என்ற மரபணு மாற்றத்தால் மெர்காப்டோபியூரின் சாதாரண அளவிலேயே ரத்த அணுக்களை ஒரேயடியாக வீழ்த்திவிடும், ஆசியர்களிடம் இது அதிகம். கவுண்ட் அடிக்கடி விழுந்தால் இதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள். கடையில் சத்து டானிக் வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம். மெத்தோட்ரெக்சேட் வேலை செய்வதே ஃபோலிக் அமிலத்தைத் தடுத்துத்தான், டானிக்கில் அதே ஃபோலிக் அமிலம் இருக்கும்.

அடுத்தது காய்ச்சல். இதை மட்டுமாவது யாராவது மனதில் வைத்துக்கொண்டால் போதும். வீட்டில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்க வேண்டும், தொட்டுப் பார்த்துச் சொல்வது கணக்கில்லை. 100.4 டிகிரி காட்டினால் அது இரவு இரண்டு மணியாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போன் செய்துவிட்டுக் கிளம்ப வேண்டும். "ஒரு பாரசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலையில் பார்ப்போம்" என்பது மற்றக் குழந்தைகளுக்குச் சரி, இந்தக் குழந்தைகளுக்கு இல்லை. கிருமியோடு சண்டை போடும் நியூட்ரோஃபில் அணுக்கள் 500-க்குக் கீழே இருக்கும்போது சில மணி நேரத்தில் ரத்தம் முழுக்கத் தொற்று பரவிவிடும், ஆன்டிபயாடிக் ஊசி முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும் என்பார்கள். உங்கள் ரிப்போர்ட்டிலிருந்து நீங்களே கணக்குப் போடலாம்: மொத்த வெள்ளையணு 2,000, அதில் நியூட்ரோஃபில் 20 சதவீதம் என்றால் 400. சென்னை தூரம் என்பதால் பக்கத்து மாவட்டத் தலைநகரில் எந்த மருத்துவமனையில் இந்த ஊசி போடுவார்கள் என்று முன்கூட்டியே பேசி, டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தை ஃபைலின் முதல் பக்கத்தில் வைத்திருந்தோம். அந்தக் கடிதம்தான் ஒரு ராத்திரியில் எங்களைக் காப்பாற்றியது. கேஷுவாலிட்டியில் இருந்த இளம் டாக்டர் அதைப் படித்ததும் வரிசை பார்க்காமல் ஊசியை ஏற்றிவிட்டார். ஸ்டீராய்டு போய்க்கொண்டிருக்கும் நாட்களில் காய்ச்சலே தெரியாமல் தொற்று இருக்கலாம், பிள்ளை சுருண்டு படுத்துக் கை கால் சில்லிட்டிருந்தால் தெர்மாமீட்டரை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். பிளேட்லெட் குறைவாக இருக்கும்போது உள்ளூர் கிளினிக்கில் இடுப்பில் ஊசி போட விடவும் வேண்டாம், உள்ளே ரத்தம் கட்டிவிடும்.

அம்மை விஷயத்தில் நம் ஊரில் ஒரு சிக்கல் இருக்கிறது. வீட்டில் அம்மை போட்டிருந்தால் வேப்பிலை கட்டுவார்கள், ஆனால் வெளியே சொல்ல மாட்டார்கள். நாங்கள் தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய், பள்ளிக்கூடத்திலும் டீச்சரிடம், "யாருக்காவது அம்மை வந்தா தயவுசெஞ்சு ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்று கேட்டுவைத்தோம். கீமோ எடுக்கும் குழந்தைக்குச் சின்னம்மை உயிர் போகும் நோய். அம்மை வந்த குழந்தையோடு விளையாடினாள் என்று தெரிந்த அன்றே டாக்டரிடம் சொன்னால் தடுக்க மருந்து இருக்கிறது, எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

சாப்பாடு பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எங்களுக்குச் சொன்னது எளிது: அப்போதே சமைத்த சூடான வீட்டுச் சாப்பாடு, கொதித்து ஆறிய தண்ணீர், தோல் உரிக்கும் பழங்கள், கடை ஜூஸும் சட்னியும் கூடவே கூடாது. பப்பாளி இலைச் சாறு கொடுத்தால் பிளேட்லெட் ஏறும் என்று டெங்கு காலத்திலிருந்து எல்லோரும் சொல்கிறார்கள். இங்கே மஜ்ஜையே கீமோவில் அடங்கிக் கிடக்கிறது, பச்சை இலைச் சாற்றில் போகும் கிருமிதான் மிச்சம். வின்கிறிஸ்டின் நித்யகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது என்று எங்கேயோ கேள்விப்பட்டு, பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒரு கொத்து பறித்துக்கொண்டு வந்துவிட்டார், பாவம், அவ்வளவு பாசம். உண்மைதான், அந்தச் செடியில்தான் அது இருக்கிறது, ஆனால் டன் கணக்கான இலையிலிருந்து மிகக் கொஞ்சம்தான் பிரித்தெடுக்கிறார்கள், அதையும் எடை பார்த்து நரம்பில் மட்டும்தான் போடுகிறார்கள். இலையை அரைத்துக் குடித்தால் விஷம். பெரியம்மாவுக்கு மனம் நோகாமல் இதைச் சொல்லிப் புரியவைக்க முடிந்தது, நீங்களும் உறவினர்களிடம் சண்டை போடாமல் காரணத்தைச் சொல்லுங்கள், பலரும் கேட்டுக்கொள்வார்கள்.

ரத்தத்துக்கு அலைவது தனிக் கதை. பிளேட்லெட் ஐந்து நாளைக்கு மேல் தாங்காது, சேர்த்து வைக்க முடியாது. எஸ்.டி.பி. என்று ஒருவரிடமிருந்தே மெஷின் மூலம் பிரித்து எடுப்பார்கள், ஒன்றரை மணி நேரம் ஆகும், எடை 50 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும், கைநரம்பு நன்றாக இருக்க வேண்டும், மூன்று நாளாக ஆஸ்பிரின் போட்டிருக்கக் கூடாது. ரத்தம் தேவை என்று பொதுவாகச் செய்தி போடுவதைவிட, பிளேட்லெட் டோனர்களின் தனிப் பட்டியல் ஒன்றை முதல் வாரத்திலேயே தயார் செய்துகொள்ளுங்கள். கல்லூரி என்.எஸ்.எஸ். பிள்ளைகள் எங்களுக்குக் கொடுத்த கை சாதாரணமானதில்லை. மஜ்ஜை மாற்று தேவைப்படலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தால் அம்மா, அப்பா, கூடப்பிறந்தவர்கள் ரத்தம் கொடுப்பதற்கு முன் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பிறகு மஜ்ஜை ஏற்பதில் சிக்கல் வரலாம்.

அந்த மஜ்ஜை மாற்றைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள், "ஆபரேஷன் எப்போ?" என்று. ஏ.எல்.எல். குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு அது தேவையே இல்லை, எங்களுக்கும் தேவைப்படவில்லை. நோய் திரும்பினால், அல்லது எம்.ஆர்.டி. குறையாவிட்டால், அல்லது குரோமோசோம் மாற்றம் மோசமானதாக இருந்தால்தான் அந்தப் பேச்சு. ரத்த வகை ஒத்துப்போவது வேறு, மஜ்ஜைக்குப் பார்க்கும் ஹெச்.எல்.ஏ. பொருத்தம் வேறு. கூடப்பிறந்த ஒருவருக்கு முழுப் பொருத்தம் வர நாலில் ஒரு வாய்ப்புதான். கிடைக்காவிட்டால் சென்னையில் இருக்கும் தாத்ரி போன்ற பதிவேடுகளில் தேடுவார்கள், இப்போது பாதிப் பொருத்தத்தில் அப்பா அம்மாவிடமிருந்தே செய்வதும் உண்டு. நோயாளியின் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்களையே எடுத்து மாற்றி ஏற்றும் கார்-டி சிகிச்சைக்கு இந்தியாவிலேயே தயாரான மருந்து 2023-ல் அனுமதி பெற்றிருக்கிறது, ஆனால் அது நோய் திரும்பியவர்களுக்கும் மற்ற சிகிச்சைக்கு அடங்காதவர்களுக்கும்தான், முதல் சிகிச்சைக்குப் பதிலாக இல்லை.

எங்கள் வார்டில் பக்கத்துப் படுக்கையில் இருந்த பையனின் அப்பா செங்கல் சூளையில் வேலை செய்பவர். முதல் மாதம் முடிந்து ரிப்போர்ட் சுத்தமாக வந்ததும் ஊருக்குப் போனார்கள், அடுத்த தேதிக்கு வரவில்லை. பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறான், வேலையை விட்டுவிட்டு எத்தனை தடவை அலைவது என்று நினைத்திருக்கிறார்கள். ஆறேழு மாதம் கழித்து நோய் திரும்பித்தான் வந்தார்கள், அந்த முறை மருந்து பிடிக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, கூலி போனால் வீட்டில் அடுப்பு எரியாது. ஆனால் பணத்தால்தான் நிற்கிறது என்றால், நிற்பதற்கு முன் ஒரு வார்த்தை மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் போய்ச் சொல்லுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கிறது. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும், கார்டு இல்லாதவர்கள் முதல் நாளே ஒருவரை அதற்கென்று அனுப்பிவிடுங்கள். ரயிலில் சிகிச்சைக்குப் போய் வரும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் கட்டணமே கிடையாது, கூட வருபவருக்கும் பெரிய தள்ளுபடி, மருத்துவமனையில் அதற்கான படிவம் கொடுப்பார்கள். தங்குவதற்கும் இலவச இல்லங்கள் இருக்கின்றன, கேட்டால்தான் சொல்வார்கள்.

வீட்டில் இன்னொரு குழந்தை இருந்தால் அவனையும் பாருங்கள். பாப்பாவின் அண்ணன் அந்தக் காலம் முழுக்கப் பாட்டியிடம்தான் இருந்தான், "எனக்கும் கேன்சர் வந்தாத்தான் அம்மா வருமா?" என்று ஒருநாள் போனில் கேட்டுவிட்டான். அதற்கப்புறம் மாதம் ஒரு முறை அவனைச் சென்னைக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தோம்.

இப்போது மருந்து எல்லாம் நின்றுவிட்டது, ஆனால் செக்கப் தொடர்கிறது. கீமோவில் கொடுத்த சிவப்பு மருந்து இதயத்தைப் பாதிக்கலாம் என்பதால் அவ்வப்போது எக்கோ எடுக்கிறார்கள், உயரம், எடை பார்க்கிறார்கள், விட்டுப்போன தடுப்பூசிகளை மறுபடி போட்டாயிற்று. சிகிச்சை முடியும்போது எந்த மருந்து மொத்தம் எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒரு சுருக்கத் தாள் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அவள் இருபத்தைந்து வயதில் வேறு ஊரில் வேறு டாக்டரிடம் போனாலும், ஏன் பிள்ளைப்பேற்றின்போதுகூட, அந்தத் தாள் வேண்டியிருக்கும். எங்களுடையதை லேமினேட் செய்து ஒன்று தங்கை வீட்டிலும், நகல் ஒன்று என்னிடமும் வைத்திருக்கிறோம்.